வில்னியஸிலிருந்து இரண்டேகால் மணி நேரம்

"எனக்குப் பதினொரு மாசம் எடுத்தது" என்று என் கணவர் சொன்னார்.

நாங்கள் இருவரும் சிட்னியில், கிரவீனில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தோம். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து மகளோடு கதைத்துக்கொண்டிருந்தோம். சிட்னியில் படித்துக்கொண்டிருந்தவள், மாணவர் பரிமாற்றத்தில் ஆறு மாதம் லித்துவேனியாவுக்குப் போயிருந்தாள். எத்தனையோ நாடுகள் பட்டியலில் இருக்க ஏன் அந்த நாட்டைத் தெரிவு செய்தாய் என்று முன்பு கேட்டபோது, "அங்க அப்ளை பண்ணின ஆக்கள் குறைவு, அம்மா" என்றாள். அதைவிடப் பெரிய காரணம் அவளிடம் இருக்கவில்லை. அந்த நாட்டின் தலைநகரான வில்னியஸின் பெயரை அவள் வீட்டில் முதன்முதலாகச் சொன்ன நாளில் இவர் சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை மாதம் நாங்கள் அவளைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அங்கிருந்து ஜேர்மனிக்குப் போய், பிராங்ஃபேர்ட்டில் இருக்கும் இவருடைய பழைய நண்பர் வீட்டில் ஒரு கிழமை தங்கிவிட்டுச் சிட்னிக்குத் திரும்புவது. ரிக்கற் பார்க்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, வில்னியஸ் டு பிராங்ஃபேர்ட் டிரெக்ட் ஃபிளைட் இருக்கு. ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோமீற்றர் வரும். இட்ஸ் ஒன்லி டூ அவர்ஸ் ஃபிஃப்டீன்."

அதற்குத்தான் அந்தப் பதில். அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்து மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இருபத்திரண்டு வயதில், கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரரின் கைகள் மாறி மாறி இவர் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். வழியில் வில்னியஸ் இருந்தது என்பதை அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்து நான்கு வருடம்.

இவர் செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். பாரம் தூக்கும் வண்டி ஓட்டத் தொடங்கி இப்போது அங்கே மேற்பார்வையாளர். நான் ஒரு மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிறவள். ஊசிக்குப் பயந்தவர்களைப் பேச்சுக் கொடுத்துப் பராக்குக் காட்டுவது என் தொழிலின் பாதி. எவரையும் கதைக்க வைத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டில் அது பலிக்கவில்லை. அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி இவர் சொல்லும் கதை ஒன்றே ஒன்றுதான். பிறந்தநாள் வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் ஆண்கள் கூடிக் கதைக்கும்போது அதை எடுத்து விடுவார். ஒரு சொல் மாறாது.

நாலு பேர் போலந்துக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் வழிகாட்டி. ஒருவர் பாசை மற்றவருக்குத் தெரியாது. பனி உருகத் தொடங்கிய மாதம். காட்டுக்குள் ஒரு பெரிய குளம். கரையைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் நடந்தார்கள். ஆறாம் நாள் ஒரு மரத்துறையும் அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்த படகும் கண்ணில் பட்டன. இரண்டு நாளுக்கு முன் பார்த்த அதே துறை, அதே படகு. இவருக்குப் பொறி தட்டியது. இவன் எங்களை ஒரே குளத்தைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு திரிகிறான், பொலிஸ் வரும் வரைக்கும் நேரம் கடத்துகிறான். மற்ற மூன்று பேருக்கும் எடுத்துச் சொல்லி, வழிகாட்டி நித்திரையாய் இருந்த நேரம் அவனை விட்டுவிட்டு மேற்குத் திசை பார்த்து நடந்தார்கள். தப்பினார்கள். "நான் அண்டைக்குக் கண்டுபிடிக்காட்டி நாலு பேரையும் குடுத்திருப்பான்" என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

வழிகாட்டி அடிக்கடி சொன்ன ஒரு சொல்லும் அந்தக் கதையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தண்ணீரைக் காட்டி, விரல்களை விரித்து விரித்து மடக்கி, "யெசோரா, யெசோரா" என்பானாம். அது கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நாலு பேரும் முடிவு செய்திருந்தார்கள். எம் ஃபோர் நெடுஞ்சாலையில் எவனாவது காரைக் குறுக்கே விட்டால் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு "யெசோரா" என்பார். மகள் சின்ன வயதில் அதைப் பாலர் வகுப்புக்குக் கொண்டுபோய், அங்கே யாருக்கும் விளங்காததால் தப்பினாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. என் அக்கா மெல்பேர்ணில், வெரிபீயில் இருக்கிறா. விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். இவர் ஒருநாளும் அதற்கு உடன்பட்டதில்லை. பத்து மணி நேரம் காரில்தான். அல்பரிக்குப் பக்கத்தில் மரே ஆற்றைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ் முடிந்து விக்டோரியா தொடங்கும். அந்தப் பாலத்தில் மட்டும் காரின் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தாலும் குறைப்பார். ஆற்றைப் பார்ப்பதில் அவ்வளவு ஆசையாக்கும் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன்.

சித்திரையில் மூன்று விமானம் மாறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வில்னியஸில் இறங்கினோம். மகள் கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். நாலு நாள் அவளோடு இருந்தோம். பழைய நகரம், தேவாலயங்கள், ஆற்றங்கரை எல்லாம் காட்டினாள். மூன்றாம் நாள் இவர், "டவுனுக்கு வெளியில பெரிய மாடி வீடுகள் இருக்கிற பக்கம் போகலாமோ" என்று கேட்டார்.

"அங்க ஒண்டுமில்லை, அப்பா. ஜஸ்ட் அப்பார்ட்மென்ற்ஸ்."

"ஓம். அதுதான்."

மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்ஸில் போனோம். சாம்பல் நிறக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவர் தெருவில் நின்று ஜன்னல்களையெல்லாம் பார்த்தார். அஞ்சாவது மாடி, பதினொரு பேர், ஒரு அறை, ஐந்து மாதம் என்றார். வெளியே போக விடமாட்டார்களாம். ஜன்னல் திரையின் ஓரத்தால் பார்த்தால் இந்தப் பஸ்ஸின் கம்பி மட்டும் தெரியும். பஸ் வளைவில் திரும்பும்போது கம்பியில் நீலமாகப் பொறி பறக்கும். யார் முதலில் பொறியைக் காண்பது என்று போட்டி வைப்பார்களாம்.

"பஸ்ஸை ஒருநாளும் காணேல்லை. இண்டைக்குத்தான் ஏறினனான்" என்றார்.

மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்கத் தொடங்கி, நிறுத்தி, தமிழில் கேட்டாள். "குளிரேல்லையா அப்பா?" குளிர்ந்தது என்றார்.

பிராங்ஃபேர்ட் விமானம் காலையில். மகள் தன் போனில் போலந்து, ஜேர்மனி வரைபடத்தை இறக்கி, அதே மாதிரி அப்பாவின் போனிலும் செய்து கொடுத்தாள். இணையம் இல்லாவிட்டாலும் ஜன்னலோரம் பிடித்தால் நாம் எங்கே பறக்கிறோம் என்பதை நீலப் புள்ளி காட்டும் என்றாள். இவருக்கு ஜன்னல் இருக்கை. நான் நடுவில். என் மறுபக்கத்தில் ஒரு இளம்பெண் ஏறியவுடனேயே கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையாவது தடவை இந்த வழியில் போகிறாளோ.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மேலே ஏறியதும் காடு தொடங்கியது. கரும்பச்சைக் கம்பளம் என்று எழுத வருகிறது, ஆனால் அது கம்பளம் போல மென்மையாக இல்லை. முள்முள்ளாக, முடிவில்லாமல் இருந்தது. பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். இவர் போனை என் பக்கம் திருப்பினார். நீலப் புள்ளி லித்துவேனியாவையும் போலந்தையும் பிரிக்கும் சாம்பல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான் போடர்" என்றார்.

நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வேலியில்லை. கோடில்லை. இந்தப் பக்கக் காடும் அந்தப் பக்கக் காடும் ஒரே காடு.

"இதைத் தாண்ட உங்களுக்கு எவ்வளவு நாள் எடுத்தது?"

"மூண்டு இரவு. பகலில சருகுக்குள்ள படுத்திருந்தம். மேல பிளேன் போகும். வெள்ளைக் கோடு கிழிச்சுக்கொண்டு. பிராங்ஃபேர்ட்டில இப்ப இருக்கிறானே, அவன் சொல்லுவான், மச்சான், அதுக்குள்ள இருக்கிறவனுக்கு இந்நேரம் சாப்பாடு குடுப்பினம் எண்டு."

அந்த நேரம் பணிப்பெண் வண்டிலோடு வந்து எங்களுக்குச் சின்னச் சாக்லேட் ஒன்றும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் தந்துவிட்டுப் போனாள். இவர் சாக்லேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அவனுக்குச் சொல்ல வேணும். சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வில்னியஸுக்கு வந்ததிலிருந்து அவர் முகம் அப்படி லேசாக இருந்ததை நான் பார்க்கவில்லை. கையைக் காட்டிக் காட்டிக் கதைத்தார். நானும் இதுதான் சமயம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லை தாண்டியதும் ஒரு வான் வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்களாம். பிறகுதான் அந்த வழிகாட்டி வந்தானாம். மீசை இல்லாத, காது சிவந்த ஆள். தான் சாப்பிடும் பாணைப் பிய்த்துத் தருவானாம்.

"பாண் தந்தவனோ?"

"ஓம். நாங்கள் நம்ப வேணுமெண்டு செய்தவன்."

அப்போதுதான் கீழே முதல் வெளிச்சம் தெறித்தது. சூரியன் தண்ணீரில் பட்டு நேரே என் கண்ணைக் கூச வைத்தது. காட்டுக்குள் ஒரு குளம். அதன் பக்கத்தில் இன்னொன்று. விமானம் சற்று முன்னே போக, மூன்று நான்கு சேர்ந்தாற்போல். பிறகு எனக்கு எண்ண முடியவில்லை. நீளமாக, வட்டமாக, கை கால் விரித்தாற்போல, ஒன்றோடொன்று வாய்க்காலால் தொட்டும் தொடாமலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை குளங்கள். உடைந்த கண்ணாடியை யாரோ காட்டுக்குள் கொட்டிவிட்டது போலிருந்தது. எங்கள் ஜன்னல் பக்கம் மட்டும் இவ்வளவு என்றால் மறுபக்கம் எவ்வளவோ. உலகத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருந்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்பது சற்றுப் பிந்தித்தான் எனக்கு விளங்கியது. முப்பத்தேழு வரைக்கும் வந்து நிறுத்தினார்.

"ஒண்டு இல்லை" என்றார்.

"என்னப்பா?"

"ஒரு குளம் இல்லை. உமக்குத் தெரியுதோ, ஒரு குளம் இல்லை."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. ஒரு குளத்துக்கு ஒரு மரத்துறை, ஒரு படகு என்றால் இத்தனை குளத்துக்கும் எத்தனை துறைகள், எத்தனை படகுகள். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் கரையில் இழுத்துக் கவிழ்த்துத்தானே வைப்பார்கள். மரங்களுக்குள் நின்ற நாலு பேருக்கு ஒரு நேரத்தில் ஒரு கரைதான் தெரிந்திருக்கும். ஒரு கரை முடிந்து அடுத்த குளத்தின் கரை தொடங்கியது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், கையில் சாக்லேட்டோடு இருக்கிற எனக்குத் தெரிந்தது.

"அவன் ஏமாத்தேல்லை" என்றார் இவர். "ஒழுங்காத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். குளத்துக்கும் குளத்துக்கும் இடையால."

  அவர் கையின் மேல் கையை வைத்தேன். கை குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை, அந்தக் கதையில் அவர் ஒருநாளும் சொல்லாத பகுதியை, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். வழிகாட்டியை விட்டுப் பிரிந்து மேற்கே நடந்த இரண்டாம் நாள் பனி திரும்பவும் கொட்டத் தொடங்கியது. பிராங்ஃபேர்ட் நண்பரின் ஒரு சப்பாத்து ஏற்கெனவே பிளந்திருந்தது. தண்ணீரும் பனியும் உள்ளே போய்க் கால் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு கறுத்தது. ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் புகுந்து வைக்கோலில் படுத்தார்கள். விடியப் பால் கறக்க வந்த மனுசி இவர்களைக் கண்டு கத்தவில்லை. அவித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்து தந்தா. காலைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி என்று கையால் காட்டினா. ஆஸ்பத்திரி என்றால் பொலிஸ் என்று நாலு பேருக்கும் தெரியும். "நீங்கள் போங்கோ, நான் இருக்கிறன்" என்று நண்பர் சொன்னார். மூன்று பேர் போனார்கள். அந்த மனுசி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தை இவருக்குத்தான் போட்டுவிட்டா. மற்ற இருவரும் பிறகு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நண்பர் ஒரு வருடத்துக்கு மேல் போலந்தில் பிடிபட்டு இருந்து, பிறகு எப்படியோ ஜேர்மனிக்கு வந்தார். காலில் இரண்டு விரல் இல்லை.

"நான்தான் சொன்னனான், வழிகாட்டியை விட்டிட்டுப் போவம் எண்டு" என்றார். "விரல் போனவன் வேண்டாமெண்டவன். நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்."

சற்று நேரத்தில் நீலப் புள்ளி இன்னொரு எல்லையை நெருங்கியது. போலந்துக்கும் ஜேர்மனிக்கும் நடுவிலுள்ள ஆறு. அதன் கரையில் இரண்டு மாதம் ஒளித்திருந்து, முதல் தடவை முடியாமல் திரும்பி, இரண்டாம் தடவை லொறியில் கடந்தவர் அதைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்காக நான் பார்த்தேன். தையல் நூல் போல ஒரு சாம்பல் கோடு. மூச்சை இழுத்து விடுவதற்குள் எங்கள் சிறகுக்குப் பின்னால் போய்விட்டது. மரே பாலத்தில் கார் ஏன் மெல்லப் போனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஆறு இருக்கிறது, அக்கரை இருக்கிறது, தடுக்க யாரும் நிற்பதில்லை.

விமானம் இறங்கத் தொடங்கியபோது, "அவனுக்கு என்னெண்டு சொல்லுறது" என்றார்.

"சொல்லத்தான் வேணுமோ?"

"சொல்லாமல் அவன்ர வீட்டில எப்பிடிச் சாப்பிடுறது."

நண்பர் வெளிவாசலில் நின்றார். அதே விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் மண்டபத்தில் வேலை செய்கிறவர். வேலைச் சட்டையோடே வந்திருந்தார். வீடியோவில் பார்த்ததைவிடக் கட்டை, தலை முழுக்க நரை. நடக்கும்போது வலது கால் லேசாக உள்ளே திரும்பியது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "பதினெட்டு நிமிசம் பிந்தி வந்திருக்கிறாய், மச்சான்" என்றார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவர் ஜேர்மனியை விட்டுச் சிட்னிக்கு வந்தபிறகு அவர்கள் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் நண்பரும் நானும்தான் கதைத்தோம். 

வீட்டில் நண்பரின் மனைவி மத்தியானச் சாப்பாடு ஆயத்தம் செய்துகொண்டிருந்தா. மீன் குழம்பு மணத்தது. நான் குசினிக்குள் போகப் போனேன். ஆனால் இவர் கதிரையில் இருக்கவேயில்லை. முன்னறையில் நின்றபடியே தொடங்கிவிட்டார்.

"மச்சான், ஒரு விசயம்."

"சொல்லு."

"அண்டைக்கு நாங்கள் சுத்தினது ஒரு குளம் இல்லை. இண்டைக்கு மேலால பாத்தனான். நூறு குளம் கிடக்குது."

"ஓம்" என்றார் நண்பர்.

"என்ன ஓம்?"

"எனக்குத் தெரியும்."

இவர் அவரையே பார்த்தார். நண்பர் சோபாவில் இருந்து, காலை நீட்டிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில என்ர கட்டிலுக்கு நேரே ஒரு படம் மாட்டியிருந்தது. தண்ணியும் மரமும். பாசை படிப்பிக்கிறதுக்கு நேர்ஸ் அதைக் காட்டிச் சொன்னவ, யெசோரோ எண்டு. குளம். பிறகு ரெண்டு மூண்டு விரலைக் காட்டி, யெசோரா எண்டவ. குளங்கள். அவன் அதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவன். விரலை விரிச்சு விரிச்சுக் காட்டினானே, கனக்கக் குளங்கள் இருக்கு, பயப்பிடாதேங்கோ எண்டு."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. அவருடைய மனைவிக்கும் அது புதிய செய்தி போலும்.

"அப்ப முப்பது வருசமா உனக்குத் தெரியும்" என்றார் இவர்.

"ஓம்."

"நான் போற வாற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிப் பீத்திக்கொண்டு திரிஞ்சன். போனிலயும் உனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ஏன் ஒருக்கா வாய் திறக்கேல்லை?"

"நீ சந்தோசமாச் சொல்லுவாய். நான் ஏன் கெடுப்பான்."

"உன்ர கால்..."

"நாலு பேரும் சேந்துதானே நடந்தனாங்கள். எனக்கு ரெண்டு கால் இருந்தது, விருப்பமில்லாட்டி நிண்டிருக்கலாம்."

இவர் மெல்ல நிலத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "காலைக் காட்டு" என்றார். நண்பர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு குனிந்து காலுறையைக் கழற்றினார். சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது. இவர் அதைக் கையால் தொட்டார். நான் நாளும் பொழுதும் மனித உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவள். அப்படி ஒரு தொடுகையை அதற்கு முன் பார்த்ததில்லை. நண்பர் கூச்சத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் என்ன செய்திருப்பான்?" என்று இவர் கேட்டார். வழிகாட்டியைப் பற்றி.

"எழும்பித் தேடியிருப்பான்" என்றார் நண்பர். "நானும் அதைத்தான் கனதரம் யோசிச்சனான். காடு முழுக்கத் தேடியிருப்பான்."

 நண்பரின் மனைவி வந்து, "சோறு போடட்டோ" என்று கேட்டா. இருவரும் எழுந்து போய் ஒரே குழாயில் கை கழுவினார்கள்.

நான் அந்த நண்பரைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கடக்கிற தூரத்தில் அத்தனை குளத்தையும் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். இந்த மனிதர் ஒரு சொல்லின் அர்த்தத்தை முப்பது வருடம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் காலில் காலுறையை இழுத்துப் போட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். ஒரு தடவை கோபத்தில் வாய் தவறிச் சொல்லியிருக்கலாம். வருடப்பிறப்புக்கு எடுக்கிற போனில், இவர் சிரித்துச் சிரித்துக் கதையைத் தொடங்கும்போது, "போதும், நிப்பாட்டு" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை எந்த உயரத்திலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சிட்னிக்கு வந்தபின் இவரில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை விடியச் செவன் ஹில்ஸுக்கு வேலைக்குப் போனார். எம் ஃபோரில் ஒருவன் குறுக்கே விட்டான், இவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஆடி மாதம் வெரிபீயில் அக்காவின் பேரனுக்குப் பிறந்தநாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் வட்டமாகக் கதிரை போட்டார்கள். யாரோ ஒருவர், "அங்கிள், அந்தப் போலந்துக் கதையைச் சொல்லுங்கோ" என்றார்.  இவர் வழக்கம்போலத்தான் தொடங்கினார். நாலு பேர், காடு, குளம், மரத்துறை, படகு. பிறகு சொன்னார்:

"அந்த இடத்தில நான் ஒரு பிழை விட்டனான்."

எல்லாவற்றையும் சொன்னார். முன்பு சிரித்த இடங்களில் சிரிக்கக் காத்திருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். முடிந்ததும் ஒரு இளைஞர், இந்தியாவிலிருந்து வந்து அங்கே கணினி வேலை செய்கிறவர், "அந்த கைட் பேரு என்ன சார்?" என்று கேட்டார். தெரியாது என்றார் இவர். நாங்கள் கேட்கவில்லை என்றார்.

மகள் படிப்பு முடிந்து வந்துவிட்டாள். வருவதற்கு முன் இரண்டு நாள் பஸ் பிடித்துப் போலந்துப் பக்கம் போய், குளங்களின் கரையில் நின்று படமெடுத்து அனுப்பினாள். கரையெல்லாம் மஞ்சள் பூ. இவர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். "நான் கண்டது வெள்ளையும் கறுப்பும்தான். இது வேற இடம் மாதிரிக் கிடக்குது" என்றார். எந்தப் படத்தையும் அழிக்கவில்லை.

இப்போது இவரும் நண்பரும் கிழமைக்கு ஒரு தடவையாவது கதைக்கிறார்கள். மார்கழியில் நண்பர் மனைவியோடு சிட்னிக்கு வருகிறார். போன ஞாயிறு ரிக்கற் விசயம் கதைத்தார்கள். நான் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"மொத்தம் எத்தினை மணித்தியாலம்?" என்று நண்பர் கேட்டது ஸ்பீக்கரில் கேட்டது.

"பிளேனுக்குள்ள மட்டும் இருபத்திரண்டு."

"இருபத்திரண்டோ. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில என்னால இருக்கேலாது, மச்சான்."

"நடைபாதைக் கரைச் சீற்றா எடு. காலை வெளியால நீட்டலாம். நான் இப்பவே பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு இவர் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.